நிலைமின் இயர்ஃபோன்: ஒரே பெயரில் இரு வேறு கருவிகள்

இரண்டு இயர்ஃபோன் பெட்டிகள். இரண்டின் மீதும் ‘எலெக்ட்ரோஸ்டேட்டிக்’ என்ற சொல் உள்ளது. ஒன்றின் அறிமுக விலை 2,999 அமெரிக்க டாலர். மற்றொன்றின் அறிமுக விலை 520 அமெரிக்க டாலர்.

முதலாவதைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகிப் பாட்டுக் கேட்க முடியாது. அதற்கென்றே செய்யப்பட்ட தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இரண்டாவதை எந்த 3.5 மில்லிமீட்டர் துளையிலும் செருகிக் கேட்கலாம்.

தமிழில் நிலைமின் எனப்படும் இந்தத் தொழில்நுட்பம், காதுக்குள் பொருந்தும் இயர்ஃபோன்களில் இப்படி இரு வடிவங்களில் விற்பனைக்கு வந்துள்ளது. இரண்டும் ஒன்றல்ல. வேறுபாடு தெரியாமல் வாங்குவோர், ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தும் எதிர்பார்த்தது கிடைக்காமல் ஏமாறக்கூடும்.

சீப்பும் காகிதத் துண்டும்

உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு அருகே கொண்டு சென்றால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பலரும் செய்து பார்த்த சோதனை இது. அங்கே வேலை செய்வது நிலைமின் விசை. நிலைமின் இயர்ஃபோனிலும் அதே விசைதான்.

இயர்ஃபோனுக்குள் இருந்து ஒலியை எழுப்பும் பகுதியை ‘டிரைவர்’ என்பார்கள். நிலைமின் டிரைவரில் துளைகள் இடப்பட்ட இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். அவற்றின் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சில ஹெட்ஃபோன்களில் இந்தப் படலத்தின் தடிமன் 2 மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படலத்துக்கு உயர் மின்னழுத்தம் தரப்பட்டு அதில் மின்னூட்டம் தேக்கி வைக்கப்படுகிறது. இதை ‘பயஸ்’ மின்னழுத்தம் என்பார்கள். இசைக்கான சமிக்ஞை இரு பக்கத் தகடுகளுக்கும் எதிரெதிராகச் செல்கிறது. ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மறு தகடு தள்ளுகிறது. படலம் அசைய, காற்று அசைகிறது. அதுவே ஒலியாகக் காதில் விழுகிறது.

இந்தத் தள்ளு-இழு ஏற்பாட்டால் இரு திசைகளிலும் விசை ஒரே சீராக இருக்கிறது. ஒலித் திரிபு குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்ற டிரைவர்கள் எப்படி?

பெரும்பாலான இயர்ஃபோன்களில் இருப்பது ‘டைனமிக்’ டிரைவர். காந்தத்துக்கு அருகே ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு வடிவப் படலம். சுருள் அசையும்போது படலமும் அசையும். மலிவானது, உறுதியானது, தாழ்ந்த ஒலிகளைத் தாராளமாகத் தரும். ஆனால் சுருளின் எடையையும் படலம் சுமக்க வேண்டும்.

அடுத்தது ‘பேலன்ஸ்டு ஆர்மச்சர்’. செவித்துணைக் கருவிகளுக்காக வளர்க்கப்பட்ட தொழில்நுட்பம் இது. காந்தங்களுக்கு நடுவே ஒரு சிறிய உலோக நாக்கு அதிர்ந்து, மெல்லிய கம்பி வழியாகப் படலத்தை அசைக்கும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பதால் ஒரே இயர்ஃபோனுக்குள் பலவற்றை வைக்க முடிகிறது.

மூன்றாவது ‘பிளேனர் மேக்னெட்டிக்’. மெல்லிய படலத்தின் மீதே மின்தடம் அச்சிடப்பட்டு, அது காந்தங்களுக்கு அருகே வைக்கப்படுகிறது.

நிலைமின் டிரைவரின் படலத்தில் சுருளோ மின்தடமோ கிடையாது. மின்னூட்டத்தைத் தாங்க மிக மெல்லிய பூச்சு மட்டுமே உண்டு. விசையும் ஒரு புள்ளியில் அல்லாமல் படலத்தின் முழுப் பரப்பிலும் செயல்படுகிறது. எடை மிகக் குறைவு என்பதால் படலம் நொடியில் அசையத் தொடங்கி நொடியில் நிற்கிறது. அதன் பெருமை முழுவதும் இந்த ஒரு குணத்தில் அடங்கியுள்ளது.

சட்டைப்பைக்குள் 580 வோல்ட்

கைப்பேசியின் ஒலித் துளையிலிருந்து வருவது ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுதான். நிலைமின் டிரைவருக்கோ நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. மேசை மீது வைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு வீட்டு மின்சாரம் கிடைக்கும். சட்டைப்பையில் வைக்கும் கருவி, சில வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த அழுத்தத்தை உருவாக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், படலத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி. இடைவெளி கூடினால் விசை குறையும். குறைந்தால் படலம் அசைய இடமிராது. அதிக அசைவு தேவைப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கு இது பெரிய தடை.

காதுக்குள் பொருந்தும் வடிவம் இங்கே கைகொடுக்கிறது. செவித்துளை நன்றாக அடைபட்டிருந்தால், செவிப்பறைக்கு முன்னால் உள்ள காற்றின் அளவு மிகக் குறைவு. சிறிய அசைவே போதிய அழுத்தத்தைத் தந்துவிடும்.

இத்தனை வோல்ட்டைக் காதருகே வைப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி இயல்பானது. மின்னழுத்தம் அதிகமாக இருந்தாலும், மிகப் பெரிய மின்தடை வழியாகவே பயஸ் தரப்படுவதால் பாயக்கூடிய மின்னோட்டம் மிகச் சொற்பம். ஆயினும் கம்பி கிழிந்தாலோ உறை உடைந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். ஆம்ப்ளிஃபையரை வீட்டில் பிரித்துப் பார்ப்பது கூடாது.

ஸ்டாக்ஸ்: திறந்த காதுக்கு

நிலைமின் ஹெட்ஃபோன் என்றதும் முதலில் வரும் பெயர் ஜப்பானின் ஸ்டாக்ஸ். அதன் எஸ்ஆர்-1 மாடல் 1960ல் விற்பனைக்கு வந்தது. தன் தயாரிப்புகளை ‘இயர்ஸ்பீக்கர்’ என்றே அது அழைக்கிறது. 2011 முதல் சீனாவின் எடிஃபையர் நிறுவனத்தின் கீழ் ஸ்டாக்ஸ் இயங்கி வருகிறது.

இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. ஸ்டாக்ஸ் தன் ஆம்ப்ளிஃபையரையும் ‘டிரைவர் யூனிட்’ என்றே குறிப்பிடுகிறது. கடைக்காரர் ‘டிரைவர் தனியாக வாங்க வேண்டும்’ என்றால் அவர் சொல்வது ஆம்ப்ளிஃபையரைத்தான்.

1990களில் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-001 என்ற கையடக்க மாடலைக் கொண்டுவந்தது. செவித்துளையின் வாயிலில் அமரும் சிறிய ஒலிக்கருவி அது. கூடவே வந்த எஸ்ஆர்எம்-001 ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்கியது. பின்னர் எஸ்ஆர்-002 அதே வழியில் வந்தது. மேசை ஆம்ப்ளிஃபையர்களுடன் 580 வோல்ட் பயஸில் இயங்க எஸ்ஆர்-003 என்ற வடிவமும் வந்தது.

இவை திறந்த அமைப்பு கொண்டவை. இசை வெளியே கசியும். வெளிச்சத்தம் உள்ளே வரும். வீட்டில் இரவு அமைதியில் கேட்கும்போது இசைக்கு ஒரு விரிந்த வெளி கிடைக்கும். ஆனால் பெருவிரைவு ரயிலிலோ எல்ஆர்டி ரயிலிலோ இதனால் கேட்பவருக்கும் பயனில்லை; பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொல்லை.

தாழ்ந்த ஒலியின் அளவு, ரப்பர் முனை காதில் எப்படி அமர்கிறது என்பதைப் பொறுத்தது. சற்று நழுவினாலும் தவிலின் அடி காணாமல் போய்விடும். அதனாலேயே பலர் இதைத் தலைப்பட்டையோடு அணிகின்றனர்.

ஸ்டாக்ஸ் 2018ல் கொண்டுவந்த எஸ்ஆர்எம்-டி10 கையடக்க ஆம்ப்ளிஃபையர், மின்னிலக்க இசைக் கோப்பை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் பகுதியையும் உள்ளடக்கியது. 580 வோல்ட் பயஸ் தருவதால் ஸ்டாக்சின் பெரிய ஹெட்ஃபோன்களையும் அதில் இயக்கலாம். எடை சுமார் அரைக் கிலோ. பையில் கொண்டு செல்லலாம், சட்டைப்பைக்கு ஆகாது.

ஷூர்: காதை அடைக்கும் வழி

மைக்ரோஃபோன்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஷூர் நிறுவனம், 2015ல் கேஎஸ்இ1500 தொகுப்பை அறிவித்தது. 2,999 அமெரிக்க டாலர் விலையில் இயர்ஃபோனும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே வந்தன.

ஷூர் சென்றது எதிர்த்திசையில். இயர்ஃபோன் செவித்துளையை முழுதாக அடைக்கும். வெளிச்சத்தத்தை 37 டெசிபெல் வரை குறைக்கலாம் என்கிறது நிறுவனம். ஒவ்வொரு காதிலும் ஒரே ஒரு டிரைவர். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை அனைத்தையும் அதுவே தருகிறது. பயஸ் மின்னழுத்தம் 200 வோல்ட்.

உடன் வரும் ஆம்ப்ளிஃபையர் ஒரு சிறிய கைப்பேசி அளவு இருக்கும். லித்தியம் பேட்டரி உள்ளேயே உள்ளது. யுஎஸ்பி வழியாகவும் சாதாரண ஒலிக் கம்பி வழியாகவும் இணைக்கலாம். ஒலியின் சமநிலையை விருப்பப்படி மாற்றும் வசதியும் உண்டு.

2018ல் வந்த கேஎஸ்இ1200 தொகுப்பின் அறிமுக விலை 1,999 அமெரிக்க டாலர். அதில் யுஎஸ்பி இணைப்பும் ஒலிச் சமநிலை வசதியும் கிடையாது. ஒலிக் கம்பி மட்டுமே. இரு தொகுப்புகளுக்கும் இடையிலான 1,000 டாலர் வேறுபாடு முக்கியமாக ஆம்ப்ளிஃபையரில் உள்ளது. நல்ல இசைப்பானை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு விலை குறைந்ததே போதும்.

கம்பியிலும் கவனம் தேவை. நிலைமின் டிரைவர் மின்தேக்கியைப் போன்றது. கம்பியும் மின்னூட்டத்தைத் தேக்கத் தொடங்கினால் ஆம்ப்ளிஃபையரின் உழைப்பு வீணாகும். எனவே இதற்கெனத் தனிவகைக் கம்பி பயன்படுத்தப்படுகிறது. ஷூர் மாடலில் அது இயர்ஃபோனுடன் நிரந்தரமாக இணைக்கப்பட்டுள்ளது. மற்ற இயர்ஃபோன்களில் செய்வதுபோல் கழற்றி வேறு கம்பி மாட்ட முடியாது.

சோனியன்: உச்ச ஒலிக்கு மட்டும்

டென்மார்க்கின் சோனியன் நிறுவனம் செவித்துணைக் கருவிகளுக்கான நுண்பாகங்களைச் செய்வது. 2018 வாக்கில் அது சந்தைக்குக் கொண்டுவந்த சிறிய நிலைமின் டிரைவர், கதையின் போக்கை மாற்றியது.

இதில் உள்ள சூட்சுமம் ‘எலெக்ட்ரெட்’. மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கு அந்தப் பெயர். இதைக் கொண்டு மைக்ரோஃபோன் செய்யும் முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்டு செஸ்லரும் 1962ல் உருவாக்கினர். எலெக்ட்ரெட்டைப் பயன்படுத்தினால் வெளியிலிருந்து பயஸ் தரத் தேவையில்லை.

சமிக்ஞையின் மின்னழுத்தத்தை உயர்த்த, இயர்ஃபோன் கூட்டுக்குள்ளேயே ஒரு நுண் மின்மாற்றி வைக்கப்படுகிறது. தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லாமல் போனது இப்படித்தான்.

ஆனால் இந்தச் சிறிய டிரைவரால் எல்லா ஒலியையும் தர இயலாது. அதன் வேலை உச்ச அதிர்வெண்கள் மட்டுமே. தாழ்ந்த ஒலிக்கு டைனமிக், நடு ஒலிக்கு பேலன்ஸ்டு ஆர்மச்சர், உச்ச ஒலிக்கு நிலைமின் எனக் கலப்பு இயர்ஃபோன்கள் உருவாயின.

மூன்டிராப் வேரியேஷன்ஸ் மாடலில் ஒரு டைனமிக், இரண்டு ஆர்மச்சர், இரண்டு நிலைமின் டிரைவர்கள் உள்ளன. அறிமுக விலை 520 அமெரிக்க டாலர். தியேஆடியோ நிறுவனத்தின் முதல் மோனார்க் மாடலில் ஒரு டைனமிக், ஆறு ஆர்மச்சர், இரண்டு நிலைமின் டிரைவர்கள் இருந்தன. அறிமுக விலை 730 அமெரிக்க டாலர். சிங்கப்பூரின் ஜோமோ ஆடியோவும் தன் டிரினிட்டி மாடலில் நிலைமின் டிரைவரைச் சேர்த்தது.

சிங்கப்பூரின் இன்னொரு நிறுவனமான கிரியேட்டிவ், 2023ல் வெளியிட்ட ஆர்வானா ஏஸ் கம்பியில்லா இயர்ஃபோனில் சிலிக்கன் டிரைவரைப் பயன்படுத்தியது. அது அழுத்தமின் முறையில் இயங்குவது. நிலைமின் வகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேட்கும்போது தெரியும் வேறுபாடு

முழு நிலைமின் இயர்ஃபோனில் ஒரே படலம் எல்லா ஒலியையும் தருவதால், ஒலிகள் ஒன்றோடொன்று இயல்பாக இணைகின்றன. வீணைக் கம்பியை மீட்டிய கணமும் அதன் பின் ஓயும் கார்வையும் தனித்தனியே தெரியும். தம்புராவின் மேல்சுரங்கள், பாடகர் மூச்சு எடுக்கும் ஒலி, மிருதங்கத்தில் விரல் தோலைத் தொடும் ஓசை ஆகியவை தெளிவாகக் கேட்கும்.

தாழ்ந்த ஒலியில் நிலைமை வேறு. பறையின் அதிர்வையும் திரைப்பாடலின் முழக்கத்தையும் நெஞ்சில் உணர விரும்புவோருக்கு, நல்ல டைனமிக் டிரைவர் கூடுதல் நிறைவைத் தரலாம். நிலைமின் டிரைவர் தாழ்ந்த ஒலியைத் துல்லியமாகத் தரும்; இடியாகத் தராது.

கலப்பு இயர்ஃபோனில் முழக்கத்தை டைனமிக் டிரைவர் பார்த்துக்கொள்கிறது. ஜால்ராவின் மினுமினுப்பு, வயலின் வில்லின் உரசல் போன்ற மேல் ஒலிகளில்தான் நிலைமின் டிரைவரின் பங்கு. மூன்று வகை டிரைவர்களையும் தையல் தெரியாமல் இணைப்பது வடிவமைப்பாளரின் திறமை. அந்த இணைப்பு சரியில்லாவிட்டால் எத்தனை டிரைவர் இருந்தும் பயனில்லை.

பழைய திரைப்பாடல்களையே பெரிதும் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவில் உள்ள இரைச்சலையும் இந்தக் கருவிகள் மறைக்காமல் காட்டும். பதிவு நன்றாக இல்லாவிட்டால் 3,000 டாலர் கருவி அதை நன்றாக்காது.

ஈரப்பதமும் வியர்வையும்

சீப்புச் சோதனை மழை நாளில் சரியாக வராது. ஈரக் காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடும். நிலைமின் இயர்ஃபோனுக்கும் அதே பலவீனம் உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தட்பவெப்பத்தில் இது சிறிய விஷயமல்ல.

படலத்தில் ஈரம் படிந்தால் ஒரு பக்க ஒலி குறையலாம். கீச்சென்ற சத்தமோ படபடப்போ கேட்கலாம். தூசி புகுந்தாலும் இப்படி நேரும். உடற்பயிற்சியின்போதும் வெயிலில் நடக்கும்போதும் இவற்றை அணியாமல் இருப்பது நல்லது.

பயன்படுத்திய பின் முனைகளைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். கேமராவுக்கான ஈரம் நீக்கும் பெட்டி வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஒரு பக்க ஒலி குறைந்ததும் கருவி கெட்டுவிட்டது என முடிவுகட்ட வேண்டாம். ஓரிரு நாள் உலரவிட்டால் சரியாகிவிடுவதும் உண்டு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: நிலைமின் டிரைவர் முழு ஒலியையும் தருகிறதா, உச்ச ஒலியை மட்டுமா? தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கைப்பேசியில் இயங்கும் என்று கடைக்காரர் சொன்னால், அது பெரும்பாலும் இரண்டாவது வகை. அது குறையல்ல, ஆனால் எதற்குப் பணம் தருகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது: விலையில் ஆம்ப்ளிஃபையர் அடங்குமா? வேறு நிறுவன ஆம்ப்ளிஃபையருடன் இணையுமா? பயஸ் மின்னழுத்தமும் செருகியின் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 200 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதை 580 வோல்ட்டில் இணைக்க முயன்றால் கருவி பாழாகும்.

மூன்றாவது: பழுதுபார்ப்பு எங்கே? பழைய கருவியை வாங்குவோர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, இரு பக்க ஒலியும் சமமாக உள்ளதா என்பதைக் கையோடு சோதித்துப் பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்ற முடியாத மாடல்களில் கம்பியின் நிலையையும் பார்ப்பது அவசியம்.

நான்காவது: கேட்டுப் பார்க்க இடமுண்டா? சிங்கப்பூரில் அடெல்ஃபி கடைத்தொகுதி இசைக் கருவிக் கடைகளுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. கேன்ஜேம் ஹெட்ஃபோன் கண்காட்சியும் சிங்கப்பூரில் நடைபெற்று வருகிறது. நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று, ஒரே அளவு சத்தத்தில் வைத்து ஒப்பிடுவது சிறந்தது. சத்தம் சற்றுக் கூடுதலாக உள்ள கருவியே சிறந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு.

செவி ஒன்றுதான்

ஒலித் திரிபு குறைந்த கருவியில் ஓர் ஆபத்தும் உண்டு. சாதாரண இயர்ஃபோனில் சத்தத்தைக் கூட்டினால் ஒலி கரகரத்து எச்சரிக்கும். திரிபு குறைவாக இருந்தால் அந்த எச்சரிக்கை தாமதமாகவே வரும். சத்தம் கூடியது தெரியாமலே மணிக்கணக்கில் கேட்கத் தோன்றும்.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019ல் வெளியிட்ட தர அளவின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பது வரம்பு. சிறுவர்களுக்கு அது 75 டெசிபெல். சத்தம் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம் மட்டுமே.

வெளிச்சத்தம் அதிகமுள்ள இடங்களில் திறந்த வகை இயர்ஃபோனைப் பயன்படுத்துவோர், ரயில் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பயணத்தில் கேட்பவருக்குக் காதை அடைக்கும் வகை ஏற்றது எனச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் அமைதியாக அமர்ந்து, மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துக் கேட்பவருக்கு முழு நிலைமின் தொகுப்பு பொருந்தும். கைப்பேசியில் செருகி வேலைக்குப் போகும் வழியில் கேட்பவருக்குக் கலப்பு வகை போதும். மிச்சப்படும் பணத்தில் சில கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி நேரில் கேட்டுவிடலாம். எந்தக் கருவியும் எட்ட முயலும் அளவுகோல் அந்த நேரடி ஒலிதான்.